மதுரை வீட்டு ஹாலுக்கு லைன் அரே: 32 சின்ன ஸ்பீக்கர், ஒரே ஒரு ப்ளைவுட் ஷீட்

கல்யாண மண்டபத் தூண்களில் ஒல்லியாக, உயரமாக மாட்டியிருக்கும் காலம் (தூண்) ஸ்பீக்கரைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. உள்ளே சின்னச் சின்ன ஸ்பீக்கர்கள் ஒன்றன் மேல் ஒன்றாக நிற்கும், அவ்வளவுதான். மாநாட்டு மேடையின் இரண்டு ஓரத்திலும் வாழைத்தார் போலத் தொங்குகிறதே, அதிலும் வேலை செய்வது இதே தத்துவம், பெயர் லைன் அரே. 1992இல் பிரான்சின் எல்-அக்கூஸ்டிக்ஸ் நிறுவனம் வி-டாஸ்க் என்று ஒன்றைக் கொண்டுவந்த பிறகு பெரிய கூட்டங்களில் அந்த வடிவம் நிலைத்துவிட்டது. வீட்டு ஹாலில் அதை வைக்கலாமா என்று கேட்டால், வைக்கலாம். அதுவும் நம் ஊர் வீடுகளுக்குத்தான் அது நன்றாகப் பொருந்தும்.

நம் ஹால் எப்படி இருக்கிறது? கீழே டைல்ஸ் அல்லது மொசைக், மேலே பத்தடி உயரத்தில் கான்கிரீட், சுற்றிலும் பூசிய செங்கல் சுவர். தரைவிரிப்பு கிடையாது, கனத்த சோபாவும் பல வீட்டில் கிடையாது. நடுவில் நின்று ஒரு தரம் கைதட்டினால் ‘டிர்ர்’ என்று திரும்பி வரும். சாதாரணப் பெட்டி ஸ்பீக்கர் மேலும் கீழுமாகச் சத்தத்தை இறைக்கும். அது மேல்தளத்தில் மோதி, தரையில் மோதி, நேராக வரும் குரலோடு கலந்து சொற்களை மழுக்கிவிடும். செங்குத்து வரிசையில் நிற்கும் ஸ்பீக்கர்கள் பக்கவாட்டில் அகலமாகவும் மேலே கீழே மிகக் குறைவாகவும் பாடும். தூரம் இரட்டிப்பானால் ஒற்றை ஸ்பீக்கரின் சத்தம் 6 டெசிபல் இறங்கும், வரிசை 3 டெசிபல்தான் இறங்கும். முன்னால் பாயில் உட்கார்ந்திருப்பவர் காதைப் பொத்தாமலே, சமையலறை வாசலில் நிற்பவருக்கும் பாட்டு எட்டும்.

காசு விஷயத்தில் என் கட்சி இதுதான்: விலை உயர்ந்த ஸ்பீக்கர் வாங்காதீர்கள், எண்ணிக்கையை வாங்குங்கள். மிச்சத்தை, ஸ்வரங்களின் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர் பார்த்துக்கொள்ளும். இந்த வழிகாட்டியில் ஒரு பக்கத்துக்கு 16 ஸ்பீக்கர். சில்லறை விலை ஒன்று 200 ரூபாய் என்று வைத்தால் 32க்கு 6,400. பிராண்டட் பெட்டி ஒன்றின் விலைகூட இல்லை.

தரையை வேலை வாங்குங்கள்

லைன் அரே எல்லா ஸ்வரத்துக்கும் லைன் அரே ஆகிவிடாது. வரிசையின் நீளமும் ஒலியின் அலைவரிசையும் சேர்ந்துதான் அதை முடிவு செய்கின்றன. கணக்கு சுலபம்: வரிசையின் நீளத்தை மீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, அலைவரிசையின் ஹெர்ட்ஸ் எண்ணால் பெருக்கி, 700ஆல் வகுக்க வேண்டும். வருகிற மீட்டர் தூரம் வரைக்கும் அந்த அலைவரிசையில் நம் வரிசை லைன் அரேயாகவே நடந்துகொள்ளும், அதைத் தாண்டினால் சாதாரண ஸ்பீக்கர்தான். 700 எங்கிருந்து வந்தது என்றால், மதுரைச் சூட்டில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் ஓடும், அதன் இரட்டிப்பு.

ஒன்றே கால் மீட்டர், ஒன்றரை மீட்டர் வரிசையை ஸ்டாண்டில் தூக்கி வைத்தால் இந்தக் கணக்கில் நமக்குப் பெரிதாக எதுவும் கிடைக்காது. அதையே தரையோடு தரையாக நிறுத்துங்கள். பளிங்கு மாதிரி இருக்கிற டைல்ஸ், வரிசையின் பிம்பத்தைக் கீழே காட்டும், கண்ணுக்கு மட்டுமல்ல, காதுக்கும். 1.38 மீட்டர் உயர வரிசை ஒலிக் கணக்கில் 2.75 மீட்டர் வரிசையாகிவிடுகிறது. 2.75ஐ 2.75ஆல் பெருக்கினால் சுமார் 7.56. மூன்று மீட்டர் தூரத்தில் உட்காருபவருக்கு 280 ஹெர்ட்ஸுக்கு மேலே எல்லாமே வரிசையின் ஆட்சி. குரலின் பெரும்பகுதி அதற்குள் வந்துவிடும். தரைவிரிப்பு போட்ட குளிர்நாட்டு வீடுகளில் இந்தச் சலுகை மேல் ஸ்வரங்களில் பாதி போய்விடும். நமக்கு முழுசாகக் கிடைக்கிறது.

ஒரு நிபந்தனை உண்டு. அடிமட்ட ஸ்பீக்கருக்கும் தரைக்கும் நடுவே இடைவெளி விட்டால் வரிசைக்கும் பிம்பத்துக்கும் நடுவே ஓட்டை விழும். முதல் ஸ்பீக்கரின் மையம் தரையிலிருந்து 6, 7 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும்.

ஸ்பீக்கர் தேர்வு

மூன்று அங்குல ஃபுல்ரேஞ்ச் (எல்லா ஸ்வரத்தையும் ஒரே கூம்பில் பாடுவது), 4 ஓம்ஸ், 10 வாட்ஸ். காந்தம் பெரிதாக இருக்கிறதா என்று பார்ப்பதைவிட ஃபிரேம் எவ்வளவு சின்னது என்று பாருங்கள். இரண்டு ஸ்பீக்கர் மையங்களுக்கு நடுவே உள்ள தூரம்தான் இங்கே ராஜா. அந்தத் தூரம் ஓர் அலைநீளத்தைத் தாண்டும் இடத்திலிருந்து சத்தம் ஓரிடத்தில் கூடும், ஓரிடத்தில் கழியும். அரை அலைநீளத்துக்குள் இருந்தால் உத்தமம். 80 மில்லிமீட்டர் ஃபிரேமை 85 மில்லி இடைவெளியில் அடுக்கினால் 2,050 ஹெர்ட்ஸ் வரை உத்தமம், 4,100 வரை பரவாயில்லை, அதற்கு மேல் சமாளிப்பு. நாலு அங்குலம் வாங்கினால் இந்த எல்லைகள் இன்னும் கீழே இறங்கிவிடும். ‘பெருசா வாங்கினா பேஸ் வரும்’ என்று கடையில் சொல்வார்கள். பேஸ் இந்த வரிசையின் வேலையே இல்லை, அதற்குத் தனி ஏற்பாடு உண்டு.

உச்ச ஸ்வரத்துக்கென்றே உள்ள ட்வீட்டரில் ஒரு வரிசை தனியாக வைக்கலாமே என்ற கேள்வி வரும். ட்வீட்டர் பாடுகிற உச்சத்தில் அலைநீளம் இரண்டு, மூன்று சென்டிமீட்டர்தான். அந்த நெருக்கத்தில் அடுக்க ஃபிரேம் இல்லாத சின்ன ட்வீட்டர்கள் டஜன் கணக்கில் வேண்டும், ஸ்வரங்களைப் பிரித்து அனுப்பும் க்ராஸ்ஓவர் வேண்டும், செலவு இரண்டு மடங்காகும். ஃபுல்ரேஞ்ச் மட்டும் போதும் என்பது என் தீர்மானம். இதற்கு நல்ல முன்னோடியும் உண்டு. அமெரிக்காவின் மெக்கின்டாஷ் நிறுவனத்தில் ஸ்பீக்கர் வடிவமைத்த ரோஜர் ரஸ்ஸல், பிற்பாடு ஐ.டி.எஸ்-25 என்று ஒன்றைச் செய்தார்: ஒரு தூணில் 25 ஃபுல்ரேஞ்ச், ட்வீட்டரே கிடையாது, கூடவே ஒரு ஈக்வலைசர்.

டவுன்ஹால் ரோடு பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கடையில் கேட்கும்போது ஒரே லாட்டாகக் கேளுங்கள். “அண்ணே, முப்பத்தஞ்சு வேணும், ஒரே அட்டைப்பெட்டியில இருந்து குடுங்க, கலந்து குடுத்துராதீங்க” என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மூன்று கூடுதலாக வாங்குவது ஏனென்றால், வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றையும் மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தால் கூட்டத்தோடு ஒட்டாதது ஒன்றிரண்டு இருக்கும். 4 ஓம்ஸ் ஸ்பீக்கர் மீட்டரில் பெரும்பாலும் 3.2இலிருந்து 3.6 வரை காட்டும். காட்டுகிற எண்ணைப் பென்சிலால் காந்தத்தின் முதுகில் எழுதி வையுங்கள். கூம்பைக் கட்டைவிரல்களால் இரண்டு பக்கமும் சமமாக மெல்ல அழுத்தி விடுங்கள். உள்ளே காயில் (கம்பிச்சுருள்) உரசுகிற ‘கரகர’ கேட்டால் அதைத் தள்ளிவிடலாம். பிறகு வரிசைப்படுத்தி, எண் நெருங்கியவற்றை நாலு நாலாகக் கட்டி வையுங்கள். அந்த நாலும் ஒரே சீரிஸில் (ஒன்றன் பின் ஒன்றாக இணைப்பது) போகப் போகின்றன.

பெட்டி

மலிவான மூன்று அங்குலத்துக்கு மூடிய பெட்டியில் ஆளுக்கு ஒன்றரை லிட்டர் காற்று இருந்தால் போதும். பெட்டியின் உள் அகலம் 110, உள் ஆழம் 150, உள் உயரம் 1,400 மில்லி என்று வைத்தால் 23 லிட்டர் வரும். பதினாறால் வகுத்தால் 1.4க்குக் கொஞ்சம் மேலே. சரியாக இருக்கிறது.

18 மில்லி ப்ளைவுட்டில் அறுப்பதற்கு ஒரு பெட்டிக்கு 146 மில்லி அகலத்தில் இரண்டு பலகை (முன்னும் பின்னும்), 150 மில்லி அகலத்தில் இரண்டு (பக்கங்கள்), எல்லாம் 1,436 உயரம். இரண்டு பெட்டிக்கும் சேர்த்து எட்டுப் பலகையின் அகலத்தைக் கூட்டினால் 1,184. எட்டுக்கு நாலு ஷீட்டின் அகலம் 1,220. ரம்பம் தின்கிற 3 மில்லியை ஒவ்வோர் அறுப்புக்கும் விட்டாலும் ஒரே ஷீட்டில் முடிந்துவிடும். மிச்சமாகும் ஒரு மீட்டர் துண்டில் மேல் மூடி, அடி மூடி எல்லாம் வரும்.

எம்.டி.எஃப் வேண்டாம். வெளிநாட்டுக் குறிப்புகள் எல்லாம் எம்.டி.எஃப் என்றுதான் எழுதும். தரையில் நிற்கப்போகிற பெட்டிக்கு, ஈரத்துணி போட்டுத் துடைக்கிற வீட்டில், அது ஒரு மழைக்காலம் தாண்டுவதே சந்தேகம். கரையான் வேறு இருக்கிறது. கொதிநீரைத் தாங்கும் வகை, அதாவது பி.டபிள்யூ.ஆர் என்று முத்திரை உள்ள ஐ.எஸ். 303 ப்ளைவுட், கையில் காசு இருந்தால் ஐ.எஸ். 710 மரைன்.

ஓட்டை போடுவதில்தான் ஆசாரி முறைப்பார். “தம்பி, இம்புட்டு ஓட்டை போட்டா பலகையில என்ன இருக்கும்?” என்ற கேள்வி நியாயமானது. 73 மில்லி ஓட்டை, 85 மில்லிக்கு ஒன்று என்றால் இரண்டு ஓட்டைக்கு நடுவே மிஞ்சுவது 12 மில்லி மரம்தான். ஹோல் சாவை முன்பக்கமிருந்து பாதி, பின்பக்கமிருந்து பாதி என்று இறக்கச் சொல்லுங்கள், விளிம்பு பிய்யாது. முதல் மையம் பலகையின் அடியிலிருந்து 60 மில்லி, அங்கிருந்து 85 மில்லியாகப் பதினைந்து தாவல், கடைசி மையம் 1,335இல் நிற்கும். ஒவ்வொரு தாவலையும் முந்தையதிலிருந்து அளக்கக் கூடாது. டேப்பை அடியில் ஊன்றி 60, 145, 230, 315 என்று நேரடியாகக் குறிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொன்றிலும் அரை மில்லி ஏறி, மேலே போகும்போது கடைசி ஸ்பீக்கர் ஏழெட்டு மில்லி தள்ளிப்போய்விடும்.

இன்னொன்றையும் ஆசாரியிடம் விளக்க வேண்டியிருக்கும். 18 மில்லிப் பலகையில் மூன்று அங்குல ஸ்பீக்கரை உட்காரவைத்தால் அதன் முதுகு ஒரு குழாய்க்குள் மாட்டிக்கொள்ளும், மூச்சு விட இடமிருக்காது. பின்பக்கத்தில் ஓட்டையின் இடது வலது விளிம்புகளை ரூட்டர் மெஷினால் சாய்வாகச் சீவிவிட வேண்டும். மேலும் கீழும் சீவக் கூடாது, அந்த 12 மில்லிதான் பலகையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

உள்ளே நாலு ஸ்பீக்கருக்கு ஒரு தடுப்பு, ஆக மூன்று தடுப்பு, 9 மில்லிப் பலகையில். பெட்டியை உத்தரம் போலப் பிடித்துக்கொள்வது ஒரு பயன். இன்னொன்று, 1.4 மீட்டர் நீளக் கூட்டுக்குள் 125 ஹெர்ட்ஸில் ஒரு முழக்கம் எழும், நாலு அறையாக்கினால் அது 500 ஹெர்ட்ஸுக்குத் தள்ளிப்போகும், அங்கே பஞ்சு அதை விழுங்கிவிடும். போடி, தேனிப் பக்கத்து இலவம் பஞ்சு கையருகே கிடைக்கிறதே என்று தோன்றும். அது நாளடைவில் தூளாகிக் காயிலுக்குள் போகும். மெத்தைக் கடையில் தலையணைக்குப் போடுகிற ரெக்ரான் வாங்கி, உதறி, தளர்வாக நிரப்புங்கள். வயர் நுழையும் துளைகளைச் சிலிகான் வைத்து அடையுங்கள்.

வயரிங்

ஓர் அறைக்குள் இருக்கிற நாலு ஸ்பீக்கரும் சீரிஸ்: 4 ஓம்ஸ் நாலு சேர்ந்து 16. இப்படி நாலு அறை, நாலு சங்கிலி, அவற்றைப் பேரலலாக (பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸ்ஸோடு மைனஸ்) சேர்த்தால் மறுபடியும் 4 ஓம்ஸ். நாலு நாலாகப் பதினாறு, ஐந்து ஐந்தாக இருபத்தைந்து என்று சதுரமாக அடுக்கும்போது மொத்தம் எப்போதும் ஒற்றை ஸ்பீக்கரின் ஓம்ஸிலேயே வந்து நிற்கும். உள்ளே 23/76 வயர் போதும், ஆம்பிலிருந்து (ஆம்ப்ளிஃபயர்) பெட்டிக்கு 40/76.

ஸ்பீக்கரைத் திருகுவதற்கு முன்பு ஒவ்வொன்றுக்கும் பாட்டரி சோதனை. சுவர்க் கடிகாரத்தில் போடுகிற பென்சில் பாட்டரியை எடுத்து, அதன் பிளஸ்ஸை ஸ்பீக்கரின் பிளஸ்ஸில் ஒரு கணம் தொட்டு எடுங்கள். கூம்பு வெளியே துள்ள வேண்டும். உள்ளே இழுத்தால் முனையில் உள்ள சிவப்புப் பொட்டு பொய் சொல்கிறது. மலிவுச் சரக்கில் இது அபூர்வமில்லை. சங்கிலி கட்டிய பிறகு அதே பாட்டரியைச் சங்கிலியின் இரண்டு நுனியில் தொடுங்கள், நாலும் சேர்ந்து வெளியே வர வேண்டும். துள்ளல் இப்போது சின்னதாகத்தான் இருக்கும், கூம்பின் மேல் விரல்நுனி வைத்தால் தெரியும். ஒன்று மட்டும் எதிர்த்து ஆடினால் பக்கத்து ஸ்பீக்கரின் சத்தத்தையும் அது தின்றுவிடும்.

எல்லாம் முடிந்ததும் பெட்டியின் டெர்மினலில் மல்டிமீட்டர். 3.4க்கு அக்கம்பக்கம் காட்டினால் நல்லது. 4.5 காட்டினால் ஒரு சங்கிலி அறுந்திருக்கிறது, எந்த அறை என்று தேடிச் சால்டரிங்கைப் பாருங்கள். 2க்குக் கீழே இறங்கினால் எங்கோ சீரிஸுக்குப் பதில் பேரலல் ஆகியிருக்கிறது. ஆம்பைத் தொடாதீர்கள்.

ஆம்பும் மூளையும்

50 வாட்ஸ் ஆம்ப் ஒரு பக்கத்துக்குப் போதும். பதினாறில் பங்கு போட்டால் ஸ்பீக்கருக்கு 3 வாட்ஸ் சொச்சம். 10 வாட்ஸ் ஸ்பீக்கர் அதற்கு வியர்க்கக்கூட வியர்க்காது. கூம்புகள் நகர்வது மயிரிழைதான், அதனால்தான் மலிவு ஸ்பீக்கரும் இதில் சுத்தமாகப் பாடுகிறது. பதினாறு கூம்பின் பரப்பையும் கூட்டினால் ஏறக்குறைய ஒரு 12 அங்குல ஸ்பீக்கரின் பரப்பு வந்துவிடும். டி.பி.ஏ. 3116 போர்டு 21 வோல்ட்டில் 4 ஓம்ஸுக்கு அந்த 50 வாட்ஸைத் தரும். அசெம்பிள் செட் பிரியர்கள் 5200–1943 டிரான்சிஸ்டர் போர்டு வைத்துக்கொண்டாலும் சரி, எர்த் ஒழுங்காகக் கொடுத்து டிரான்ஸ்ஃபார்மரைப் போர்டிலிருந்து விலக்கி வைத்தால் ஓங்காரம் வராது.

மூளைக்கு ஏ.டி.ஏ.யூ. 1701 சிப் உள்ள டி.எஸ்.பி (ஒலியை டிஜிட்டலாகத் திருத்தும்) போர்டு ஒன்று. இரண்டு உள்ளீடு, நாலு வெளியீடு: இரண்டு வரிசைக்கு இரண்டு, பேஸ் மட்டும் பாடும் சப்-ஊஃபருக்கு மிச்சம். ஈக்வலைசரோடு க்ராஸ்ஓவரும் இதிலேயே முடிந்துவிடும்.

ஈக்வலைசர் இல்லாமல் போட்டுப் பார்த்தால் முதல் பாட்டிலேயே மனசு உடைந்துவிடும், சொல்லிவிடுகிறேன். கனமான போர்வைக்குள் பாடுகிற மாதிரி மந்தமாக இருக்கும். ஸ்பீக்கர் மட்டம் என்று நினைக்க வேண்டாம். வரிசை தன் எல்லைக்குள் இருக்கும் இடத்திலெல்லாம், ஒற்றை ஸ்பீக்கரோடு ஒப்பிட்டால் ஆக்டேவுக்கு (ஹெர்ட்ஸ் இரட்டிப்பாகும் ஒவ்வொரு படிக்கும்) 3 டெசிபல் வீதம் மேல் ஸ்வரம் இறங்கிக்கொண்டே போகும். நம் கணக்கில் 280இல் தொடங்கி 9,000 வரை ஐந்து ஆக்டேவ், 15 டெசிபல். பதினாறு ஸ்பீக்கர் சேர்ந்ததால் கீழ்ப்பகுதியில் 12 டெசிபல் கூடுதலாகக் கிடைக்கிறதே, அது முழுக்க இங்கே கழிந்துவிடும். உச்ச ஸ்வரத்தில் பதினாறும் சேர்ந்து ஒரே ஸ்பீக்கர் அளவுக்குத்தான் கத்தும். இதைத் தெரிந்துகொண்டு இறங்கினால் ஏமாற்றம் இல்லை.

மேலே ஏற்றாதீர்கள், கீழே இறக்குங்கள். லோ-ஷெல்ஃப் (ஒரு ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை மொத்தமாக இறக்கும் ஈக்வலைசர் அமைப்பு) மூன்று: 500, 1,600, 5,000 ஹெர்ட்ஸில், ஒவ்வொன்றும் மைனஸ் 5 டெசிபல், சரிவு மென்மையாக, கியூ 0.5. மூன்றும் சேர்ந்து அந்த 15 டெசிபல் சாய்வை ஏறத்தாழ நிமிர்த்திவிடும். இது தொடக்கம்தான். பிறகு அளக்க வேண்டும்.

அளப்பதற்கு ஆர்.இ.டபிள்யூ என்ற இலவச மென்பொருளும், மைக்கின் சொந்தப் பிழையைத் திருத்தும் காலிபரேஷன் ஃபைலோடு வருகிற ஒரு மைக்கும். கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, நீங்கள் உட்காரும் இடத்திலேயே, காது உயரத்தில் (தரையிலிருந்து 95 சென்டிமீட்டர் வாக்கில்) மைக்கை வையுங்கள். சாதாரண ஸ்பீக்கரை ஒரு மீட்டரில் வைத்து அளப்பார்கள். வரிசையை அப்படி அளந்தால் அந்த ஒரு மீட்டருக்கு மட்டுமே உண்மையான படம் கிடைக்கும், ஏனென்றால் தூரம் மாற மாற இதன் சாயலே மாறும். இருக்கையைச் சுற்றி ஒரு சாண் நகர்த்தி ஐந்தாறு இடத்தில் எடுத்துச் சராசரி பாருங்கள். 4,000க்கு மேல் பல்லுப் பல்லாக மேடு பள்ளம் தெரியும். அது இடைவெளிக் கணக்கின் விளைவு, தலையைக் கொஞ்சம் அசைத்தால் இடம் மாறிவிடும். அதை ஈக்வலைசரால் நிரப்பப் போனால் வம்பு. கோட்டை வழவழப்பாக்கி, ஒட்டுமொத்தச் சாய்வை மட்டும் திருத்துங்கள். இறுதியில் கோடு மட்டமாக நிற்க வேண்டியதில்லை. ஆக்டேவுக்கு ஒரு டெசிபல் வாக்கில் மேலே போகப் போக இறங்கினால், டைல்ஸ் போட்ட ஹாலில் அது காதுக்கு இதம்.

பேஸ்

வரிசையை 150 ஹெர்ட்ஸில் நிறுத்திவிடுங்கள், ஆக்டேவுக்கு 24 டெசிபல் சரிவில். அதற்குக் கீழே சப்-ஊஃபர். மைக்செட்காரர்கள் கழிக்கிற 12 அங்குல ஸ்பீக்கர் நல்ல நிலையில் கிடைத்தால் வாங்கலாம், கூம்பின் ஓரம் கிழியாமல் இருக்க வேண்டும். 150 என்பது கொஞ்சம் உயரம்தான், சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காது கண்டுபிடித்துவிடும். எனவே ஒரே சப் என்றால் இரண்டு வரிசைக்கும் நடுவில், இரண்டு என்றால் ஒவ்வொரு வரிசையின் காலடியில். மூலையில் தள்ளாதீர்கள், தவிலின் தொப்பி ‘தொம்’ என்று அடிக்கிற இடத்தில் ‘தொம்ம்ம்’ என்று இழுக்கும்.

சப்பின் அளவை உட்காரும் இடத்திலிருந்துதான் வைக்க வேண்டும். அறையின் பின்கோடியில் பேஸும் குரலும் வேறு விகிதத்தில் இருக்கும், வரிசை மெதுவாக இறங்குவதால் அது தவிர்க்க முடியாதது.

நிறுத்தும் இடம்

இரண்டு தூணும் இரண்டு, இரண்டரை மீட்டர் இடைவெளியில், பக்கச் சுவரிலிருந்து ஒன்றரை அடியாவது தள்ளி. மேல்தளத்து எதிரொலியை வரிசை அடக்கும், பக்கச் சுவரை அது ஒன்றும் செய்யாது, இன்னும் சொன்னால் அங்கே தாராளமாகவே இறைக்கும். அந்த இடத்தில் கனமான திரையோ புத்தக அலமாரியோ இருந்தால் பெரிய உபகாரம். மூன்று மீட்டருக்குக் குறையாமல் உட்காருங்கள். கிட்டே போனால் பாடுபவரின் வாய் ஆளுயரத்துக்கு நீண்டுவிடும். இந்த வடிவத்தின் மேல் சொல்லப்படும் குறைகளில் நான் ஒத்துக்கொள்வது இது ஒன்றைத்தான்.

சரிபார்க்க மோனோ ரெக்கார்டிங்கைவிட நல்லது கிடையாது. நம் ஊர்க்காரர் டி.எம்.எஸ்ஸின் பழைய மோனோ பதிவு எதையாவது போடுங்கள். குரல் இரண்டு தூணுக்கும் நட்டநடுவில், வெற்றுச் சுவரிலிருந்து வர வேண்டும். நடுவில் நிற்காமல் இரண்டு பக்கமும் சிதறினால் ஒரு பெட்டியின் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. அடுத்து இன்னொரு மதுரைக்காரர், எம்.எஸ். பாடத் தொடங்குமுன் கேட்கிற தம்புரா. அதன் ரீங்காரம் தெளிவாக இழையோட வேண்டும், தகரச் சத்தமாகக் கீச்சிட்டால் 5,000 ஹெர்ட்ஸ் ஷெல்ஃபை மைனஸ் 5இலிருந்து மைனஸ் 3, 4க்குக் குறைத்துப் பாருங்கள். நாதஸ்வரம் கடைசியில். அது முகத்தில் அறைந்தால் 2,000, 3,000 பக்கம் ஒரு மேடு மிச்சமிருக்கிறது.

தினசரிப் பராமரிப்பில் கவனம் எல்லாம் காலடியில்தான். பெட்டிக்கு அடியில் 5 மில்லி ரப்பர் புஷ் நாலு ஒட்டி, அடிப்பலகையின் அறுத்த ஓரங்களுக்கு இரண்டு கோட் பெயின்ட் அடித்துவிடுங்கள், மாப் தண்ணீர் ப்ளைவுட்டின் வெட்டுவாயில்தான் முதலில் ஏறும். தவழும் குழந்தை இருக்கிற வீடு என்றால் கீழே உள்ள ஐந்தாறு கூம்புகளுக்குத் துணி கிரில் தாங்காது, துளையிட்ட இரும்பு வலை போடுங்கள். மெலிந்து உயர்ந்த பெட்டி என்பதால் பின்பக்கம் மேலே ஒரு கொக்கியும் சுவரில் ஒரு ஆணியும் அடித்துச் சின்னச் சங்கிலியால் கட்டிவைத்தால், யாராவது இடித்தாலும் சாயாது.